மூல ஓலையும் எட்டுக் குறியீடுகளும்

பெரியபுராணத்தில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது ஓர் ஆவணம் சரிபார்க்கப்படும் இடத்தை. புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்குள் நுழைந்த முதிய வேதியர், ‘இவன் எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்ட, சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார் முதியவர். பலவந்தம் நடக்க விடமாட்டோம் என்று அவையோர் உறுதி சொன்ன பிறகே அதை வெளியே எடுக்கிறார். எழுதியவர் சுந்தரரின் பாட்டனார். காப்பில் இருந்த அவருடைய இன்னோர் ஓலையை வரவழைத்து, இரண்டு கையெழுத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுகிறார்கள். ஒத்துப்போகிறது. சுந்தரர் தோற்கிறார்.

பெரியபுராணம் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதியது. வாதி இறைவனே என்பது நமக்குத் தெரியும், அவைக்குத் தெரியாது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றையாவது காட்டு என்கிறது அவை. ஆளின் தோற்றத்தை நம்பாமல் முறையை நம்புகிற அந்த ஒழுங்குதான் என்னை ஈர்க்கிறது. அதே ஒழுங்கை எதிர்பாராத ஓரிடத்தில் கண்டேன்: பைபிஐ தளத்தின் நிரலில்.

பைத்தான் நிரலர்கள் தங்கள் தொகுப்புகளை வெளியிடும் களம் பைபிஐ. ஒருவரின் கணக்கு திருடுபோனால், அவர் தொகுப்பைப் பயன்படுத்தும் எல்லோருடைய கணினிக்கும் விஷம் போய்ச் சேரலாம். அதனால் 2024 தொடக்கத்திலிருந்து எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். இரண்டாவது சரிபார்ப்புக்கு வைத்திருக்கும் செல்பேசி தொலைந்தால் என்ன செய்வது? அதற்குத்தான் மீட்புக் குறியீடுகள்: மொத்தம் 8, ஒவ்வொன்றிலும் 16 எழுத்துகள், ஒவ்வொன்றும் ஒரே முறைதான் செல்லும்.

இவற்றைச் சேமிக்கும் விதத்தில் முதல் அழகு இருக்கிறது. தளம் குறியீட்டை வைத்துக்கொள்வதில்லை. ஆர்கான்2 என்ற ஹாஷ் முறையில் அரைத்த சாரத்தை மட்டுமே வைத்துக்கொள்கிறது. 2015இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்ற முறை அது. வேண்டுமென்றே நேரமும் நினைவகமும் தின்னும். யூகித்து யூகித்துத் தாக்குபவரைக் களைப்பாக்கும். தரவுத்தளமே திருடுபோனாலும் குறியீடு கையில் கிடைக்காது. ஒவ்வொரு சாரத்துக்கும் தனித்தனி சால்ட், அதாவது அரைக்கும்போது சேர்க்கும் தற்செயல் துணுக்கு, உண்டு. ஆகவே, வந்த குறியீட்டை அகராதியில் சொல் தேடுவதுபோல் தேடி எடுக்க முடியாது. இருக்கும் சாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒப்பிட வேண்டும். எட்டே எட்டு என்பதால் அந்தப் பொறுமை கட்டுப்படியாகிறது.

இரண்டாவது அழகு, இந்த நிரலில் பிற்பாடு நடந்த சீரமைப்பில் தெரிகிறது. ஆரம்பத்தில் குறியீடு பொருந்தியதும் அதன் சாரம் இருந்த வரியைத் தரவுத்தளத்திலிருந்தே அழித்துவிடுவார்கள். மறுமுறை பயன்படக் கூடாது என்ற நோக்கம் அதில் நிறைவேறியது. ஆனால் அழித்த இடத்தில் சாட்சி எதுவும் மிஞ்சவில்லை. பழைய குறியீட்டை யாராவது மறுபடி கொண்டுவந்தால், ‘தவறு’ என்பதற்கு மேல் தளத்தால் ஒன்றும் சொல்ல முடியாது. புதிய அமைப்பில் வரி அழிவதில்லை. குறியீடு ‘எரிக்கப்பட்ட’ நேரம், அதாவது பயன்படுத்தப்பட்ட நேரம், ஒரு புதிய நெடுவரிசையில் பதிவாகிறது. அவ்வளவுதான் மாற்றம். அதிலிருந்து எத்தனை தெளிவு பிறக்கிறது பாருங்கள். குறியீடே உருவாக்கப்படவில்லை, குறியீடு தவறு, குறியீடு ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்று மூன்று தோல்விகளும் மூன்று பெயரோடு வெளியே வருகின்றன. ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் பேசிய நிரல் காரணமும் சொல்லத் தொடங்குகிறது.

எரிந்த பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. குறியீடுகளைத் தந்ததும் தளம் ஒன்றைத் திருப்பிக் கேட்கிறது. எட்டில் ஒன்றை உள்ளிட்டு எரித்துக் காட்டினால்தான் மேலே போக முடியும். ‘சேமித்துக்கொண்டேன்’ என்று பெட்டியில் டிக் அடிப்பது வெறும் வாய்வார்த்தை. எரிந்த குறியீடு ஆவணம். ஒரு குறியீட்டைச் செலவழித்து மற்ற ஏழும் உரியவர் கையில் இருப்பதற்கு அத்தாட்சி வாங்குகிறார்கள். அழித்துவிடும் பழைய முறையில் இந்த அத்தாட்சியைக் குறித்துவைக்க இடமில்லை.

நல்ல சீரமைப்பைப் பயனர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. திரையோ பொத்தானோ பெரிதாக மாறாது. உள்ளே பொறுப்பு இடம் மாறியிருக்கும். சிற்பத்தையும் சங்கீதத்தையும் ரசிக்கப் பழகிய நாம் இந்த வேலையையும் ரசிக்கப் பழகலாம். மறைக்க வேண்டியதை மறைத்து, நடந்ததை மறைக்காமல் விட்ட நிரல் இது. கைவினை என்ற பெயருக்குத் தகுதியானது.

வாசகருக்கு ஒரு வார்த்தை: உங்கள் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, செல்பேசிக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள். தளத்திடம் இருப்பது சாரம் மட்டுமே. மூல ஓலை உங்களிடம்தான் இருக்கிறது.