பிடிக்காத படத்துக்கும் ஒரு வக்காலத்து

"ஏம்ப்பா, உங்களுக்கே பிடிக்காத படத்துக்குப் போய் வக்காலத்து வாங்கறீங்களே?" தில்லியில் சட்டம் படிக்கும் என் மகள் கேட்டாள். பேச்சு 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தைப் பற்றியது. நம் நாட்டில் பேச்சுரிமை பற்றிப் படிக்கிறவர்கள் தவறாமல் படிக்கும் தீர்ப்பு ஒன்று, இந்தத் தமிழ்ப் படத்தால் வந்தது.

அந்தணர் வீட்டுப் பெண் பொய்ச் சாதிச் சான்றிதழ் பெற்று உயர்பதவிக்கு வருகிறாள். இடஒதுக்கீட்டுக்குச் சாதியல்ல, வறுமையே அடிப்படையாக வேண்டும் என்பது படத்தின் வாதம். தணிக்கைக் குழு 'யு' சான்றிதழ் தந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அதை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது.

நீதிபதி ஜகந்நாத ஷெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு சொன்னது இதுதான்: அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவைக் காட்டித் தடுக்க வேண்டுமானால், ஆபத்து வெடிமருந்தில் விழுந்த பொறிபோல இருக்கவேண்டும். சட்டென்று கொதிப்பவரை அல்ல, சாதாரண மனிதரையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும். கலகம் வரும் என்று அரசு கையை விரிக்கக் கூடாது.

படத்தின் வாதம் எனக்கு உடன்பாடில்லை. ஏழ்மையும் தீண்டாமையும் ஒன்றல்ல. ஏழை அந்தணரைக் கோயில் வாசலில் யாரும் தடுத்ததில்லை. ஒரு பெண்ணின் கண்ணீரைக் காட்டும் படம், தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றவர்களின் கண்ணீரைக் காட்டத் தவறுகிறது. கலை என்ற முறையிலும் இது குறைதான்.

ஆனால் தடை விழுந்திருந்தால் இதை நான் எப்படிச் சொல்வது? பார்க்கவிடாத படத்தைக் குறை சொன்னால், தடுத்தவர்களுக்கு ஒத்து ஊதுவதாக ஆகிவிடாதா? தவறான கருத்தை அடக்கினாலும் நமக்கு நஷ்டமே, அதோடு மோதித்தான் உண்மை தெளிவாகும் என்று 1859லேயே ஜான் ஸ்டூவர்ட் மில் வாதிட்டார். தடை முதலில் அடைப்பது மறுப்பவன் வாயைத்தான்.

இன்னொன்று. படத்தை எதிர்த்தார்களே தவிர, வாதம் எங்கும் போய்விடவில்லை. 2019இல் 103ஆவது திருத்தத்தின் மூலம், மற்ற ஒதுக்கீடுகளில் வராத பிரிவினரில் நலிந்தோருக்குப் பொருளாதார அடிப்படையில் 10 சதவீத ஒதுக்கீடு வந்தது. 2022இல் உச்ச நீதிமன்றமும் 3க்கு 2 என்ற கணக்கில் அதை ஏற்றது. மாறுபட்ட இரு நீதிபதிகள் எழுதிய மறுப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கருத்துக்குப் பதில் சொல்லும் முறை அது.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் சொன்னாள்: "அப்போ உங்க மறுப்பையும் எழுதிடுங்க." எழுதிவிட்டேன். உடன்படாத அன்பர்கள் அடுத்த மலரில் எழுதுங்கள், வரவேற்கிறேன்.