கிரஷர் டஸ்ட் என்னும் அடித்தளம்

வீட்டின் முன்வாசலில் கார் நுழையும் பாதைக்குப் பேவர் பிளாக் பதிப்பது நகரங்களில் மட்டுமன்றிச் சிற்றூர்களிலும் ஒரு மோகமாகவே பரவிவிட்ட இந்நாளில், அந்தக் கற்களுக்கு அடியில் எதை இடவேண்டும் என்று கேட்டால் ஒப்பந்தக்காரர்களும் மேஸ்திரிகளும் பெரும்பாலும் ஒரே குரலில் சொல்லும் விடை கிரஷர் டஸ்ட் என்பதாகவே இருக்கிறது. அரை அடிக்கோ முக்கால் அடிக்கோ டஸ்டைக் கொட்டித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு மேலே கல்லை அடுக்கினால் போதும், வருவது ஒரு கார்தானே, நெடுஞ்சாலையா போடுகிறோம், ஜல்லிக்கு எதற்குச் செலவு என்பது அவர்கள் வாதம். இது வெறும் சிக்கன யோசனையாக இருந்தவரை அதைப் பொருட்படுத்த அவசியம் இருக்கவில்லை. ஆனால் அதுவே ஒரு சித்தாந்தத்தின் கம்பீரத்தை எய்தி, ஜல்லி பரப்பச் சொல்லும் பொறியாளரின் அறிவை ஏட்டுச் சுரைக்காய் என்று தள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டதால், அதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகிறது.

டஸ்டுக்கு உரிய நற்குணங்களை மறைப்பதற்கில்லை. கருங்கல்லை உடைத்து ஜல்லியாக்கும்போது உபரியாகக் கிடைப்பதாதலால் விலை மலிவு. மட்டக்கோல் வைத்து இழுப்பதற்கு இதைப்போல் இணங்கும் பொருள் வேறில்லை. இடிபாட்டுக் குப்பையில் கான்கிரீட் துண்டோடு காரையும் மரச்சிராயும் பிளாஸ்டிக்கும் கலந்து வருவதையும், செம்மண் கிராவலில் ஒரு லோடு கல்லாகவும் மறு லோடு களியாகவும் வந்து இறங்குவதையும் பார்த்தவர்கள், அவற்றைவிட டஸ்ட் மேல் என்று எண்ணினால் அதில் தவறு காண முடியாது.

என் ஆட்சேபம், பல ஆண்டுகளாக நான் விடாமல் சொல்லிவருவது, வேறிடத்தில் இருக்கிறது. ஓர் அடித்தளத்தின் யோக்கியதையை அது இடப்பட்ட நாளின் நிலையைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது. ஐப்பசி மழையில் ஊறிக் கிடக்கும் நாளின் நிலையைக் கொண்டே நிர்ணயிக்கவேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்து இறுகிய டஸ்டின்மேல் குதிகாலை ஊன்றிப் பார்த்து, பாறையைப்போல் இருக்கிறது என்று திருப்தி கொள்ளும் வீட்டுக்காரர் காண்பது அந்தப் பொருளின் பலத்தை அன்று, அந்தப் பருவத்தின் வறட்சியையே. சாலைப் பொறியாளர்கள் இந்த ஏமாற்றத்தை நெடுநாளைக்கு முன்பே உணர்ந்தவர்கள். சி.பி.ஆர். என்று அவர்கள் சுருக்கமாகச் சொல்லும் சோதனையில், மண்ணையோ கல்தூளையோ உருளை அச்சில் கெட்டித்தபின் நான்கு நாள், அதாவது 96 மணி நேரம், தண்ணீரில் ஊறப்போட்டு, அதற்குப் பிறகே இரும்புத் தண்டை அதனுள் செலுத்தி அதன் எதிர்ப்பை அளக்கிறார்கள். ஊறுவதற்கு முன் எத்தனை உறுதியாக இருந்தது என்பதற்கு அங்கே பெரிய மதிப்பில்லை. நம் முன்வாசல்களைத் தீர்மானிப்பவர்களோ ஊறாத நிலை ஒன்றையே பிரமாணமாகக் கொள்கிறார்கள்.

டஸ்ட் நனைந்தால் என்ன நேர்கிறது என்பதைச் சிறிது விரிவாகவே பார்க்கவேண்டும். அதில் மணல் போன்ற பருமனான துகளும் உண்டு, மாவு போன்ற நுண்தூளும் கணிசமாக உண்டு. எம்-சாண்ட் தயாரிப்பவர்கள் தண்ணீர் விட்டுக் கழுவி வெளியேற்றுவது இந்த நுண்தூளைத்தான். துகள்களுக்கு இடையிலுள்ள சந்துகளை அது அடைத்துக்கொள்வதால் மேலிருந்து இறங்கிய மழைநீர் கீழே போக வழியின்றித் தங்குகிறது. ஈரத்தைக் கீழேயிருந்து மேலே உறிஞ்சிக்கொள்ளும் தன்மையும் அதற்கு உண்டு. இப்படி ஊறிய தளத்தின்மேல் காரின் சக்கரம் ஏறும்போது, பாரத்தைத் துகளிலிருந்து துகளுக்குக் கடத்தவேண்டிய இடத்தில் தண்ணீர் நின்றுகொண்டு அந்தப் பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ள, துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் உராய்வு குறைந்து, அமுங்கிய தண்ணீர் நுண்தூளையும் சுமந்துகொண்டு கல்லிடுக்கு வழியே மேலேறுகிறது. மழைக்கால முன்வாசல்களில் பேவர் பிளாக்கின் இடுக்குகளில் சாம்பல் நிறச் சேறு கசிந்து காய்ந்திருப்பதைக் காண்பவர்கள் அதைத் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள். பெருக்கப்படுவது அவர்களுடைய அடித்தளமே என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை. தூள் வெளியேறிய இடத்தில் பொந்து விழ, கல் ஆடுகிறது. ஆடும் கல் அடுத்த மழையில் இன்னும் அதிகத் தூளை வெளியேற்றுகிறது. இரண்டு மூன்று மழைக்காலங்களில் சக்கரத்தடம் இரண்டும் வாய்க்கால்போல் பள்ளமாகி, அந்தப் பள்ளத்தில் மேலும் தண்ணீர் தேங்குகிறது.

இதற்கு மறுமொழியாக டஸ்டின் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுவது பழைய மக்கடம் சாலைகளை. ஜல்லிச் சாலைகளிலும் கல்தூளைத் தூவித் தண்ணீர் விட்டு உருளையால் அழுத்தினார்கள் அல்லவா, வெட்மிக்ஸ் என்னும் ஈரக் கல்கலவையிலும் தூள் கலக்கிறார்கள் அல்லவா என்று கேட்கிறார்கள். கேள்வி கெட்டிக்காரத்தனமானதே, ஆனால் அதன் உள்ளே ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. அந்தச் சாலைகளில் பாரம் தாங்குவது கோணல்மாணலாக உடைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும் ஜல்லி. தூள் அந்த ஜல்லியின் சந்துகளை நிரப்பி அதை அசையாமல் வைக்கும் துணைப்பொருள். எலும்புக்கூடு இருக்கும் உடலில் சதை இருப்பதைக் காட்டி, எலும்பே இல்லாமல் சதையால் மட்டும் ஓர் உடலை நிற்கவைக்கலாம் என்று வாதிப்பது எப்படிப் பொருந்தும்? அந்தச் சாலைகளுக்குப் பெயர் தந்த ஜான் மக்கடமே 1816-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தியது, சாலைக் கல்லோடு மண்ணையும் களியையும் கலக்காதே, அடித்தரை நனையாமல் காப்பாற்று என்பதைத்தான். தரை உலர்ந்திருக்கும் வரையில் அது எந்தப் பாரத்தையும் சுமக்கும் என்பது அவருடைய மூலக்கொள்கை. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு, தண்ணீரைத் தேக்கும் தூளை அடியில் நிரப்புவது அவருக்குச் செய்யும் அபசாரம். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2013-இல் வெளியிட்ட விவரக்குறிப்பும் அடிப்பரவலுக்கான கல்கலவையில் 75 மைக்ரான் சல்லடையைக் கடக்கும் நுண்தூள் 5 சதவீதத்தைத் தாண்டலாகாது என்கிறது. சாலை என்பதற்காக மட்டும் விதித்த கட்டுப்பாடன்று அது. தண்ணீரின் இயல்பு நெடுஞ்சாலைக்கு ஒன்றாகவும் முன்வாசலுக்கு வேறாகவும் இருப்பதில்லை.

இந்தத் தவறு எங்கே பிறந்தது என்பதும் கண்டுபிடிக்க முடியாததன்று. பேவர் பிளாக்குக்கு நேர் கீழே, கல்லை மட்டமாக உட்காரவைப்பதற்காக ஒரு மெல்லிய மணற்படுகை வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு நூல் அதற்கு 20 முதல் 40 மில்லிமீட்டர் கனம் போதும் என்கிறது. அந்தப் படுகைக்கும் அதன் கீழே கல்லால் அமையவேண்டிய அடித்தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்து, படுகையையே முக்கால் அடிக்குத் தடித்துவிட்டு அடித்தளத்தை ஒழித்துவிட்டார்கள். அந்த மெல்லிய படுகைக்குக்கூட டஸ்டைவிடக் கரடான மணலோ கழுவிய எம்-சாண்டோதான் உகந்தது.

வருவது ஒரு கார்தானே என்ற வாதமும் உண்மைக்குப் பொருந்துவதில்லை. கேட்டுக்கு உட்புறமாகவே நிலத்தடித் தண்ணீர்த்தொட்டியை வைக்கும் வழக்கம் உள்ள ஊர்களில், கோடையில் 6,000 லிட்டர் டேங்கர் லாரி பின்சக்கரத்தை வாசலுக்குள் ஏற்றித்தான் குழாயை இறக்குகிறது; தண்ணீர் மட்டுமே 6 டன். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் லாரியும் அதே வழியில்தான் வருகிறது. தொட்டிகளைச் சுற்றித் தோண்டிய குழியைக் கெட்டிக்காமல் மூடியிருப்பதும் அந்த இடத்தில்தான். தளர்ந்த மண்ணின்மேல் தளரும் தூளை வைத்து, அதன்மேல் லாரியை ஏற்றிவிட்டு, கல் மட்டம் தப்பியதற்குக் கல் உற்பத்தியாளரைக் குறை சொல்வது நியாயமாகாது.

கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலில் நிலைமை இன்னும் மோசம். ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும் அந்த மண்ணுக்கு மேலே, ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருளை இடுவதைவிடக் கேடான யோசனை இருக்கமுடியாது. சென்னையைப்போல் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் மூன்று மாதங்களில் கொட்டித் தீர்க்கும் ஊரிலும் இதே பொருளே பரப்பப்படுகிறது. 2003-ஆம் ஆண்டு முதல் வீடுதோறும் மழைநீரைச் சேமிக்கவேண்டும் என்று சட்டம் வகுத்த மாநிலத்தில், கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் குழியில் இறக்கிவிட்டு, முற்றத்துத் தண்ணீரைத் தூள் போட்டு அடைத்துத் தெருவுக்குத் தள்ளுகிறோம்.

இனிச் செலவைப் பார்க்கலாம். 10 அடி அகலமும் 30 அடி நீளமும் உள்ள ஒரு பாதைக்கு அரை அடி கனத்தில் கல்கலவை போட்டால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட்; அழுந்திக் குறைவதையும் சேர்த்து இரண்டு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். டஸ்டுக்கும் அதே கன அளவு வேண்டுமாதலால், மிச்சமாவது இரண்டு யூனிட்டின் விலை வித்தியாசம் மாத்திரமே. மேலே பதிக்கும் கல்லின் நிறத்துக்கும் பூவேலைக்கும் கொடுக்கும் கூடுதல் தொகையோடு ஒப்பிட்டால் அது அற்பம். ஆனால் தளம் அமுங்கிய பிறகு கல்லைப் பெயர்த்து, ஊறிய தூளை வாரி அப்புறப்படுத்தி, மீண்டும் பதிக்கும் கூலி முதற்செலவை நெருங்கிவிடுகிறது.

ஆகையால் முன்வாசலுக்குக் கல் பதிக்கப்போகிறவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்: தொட்டிக் குழிகளை முதலில் கெட்டிக்கவேண்டும், களிமண்ணாயின் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரிக்கவேண்டும், அதன்மேல் பெரியதும் சிறியதும் கலந்த உடைகல்லை அரை அடிக்குக் குறையாமல், களியிலும் கரிசலிலும் முக்கால் அடிக்கு, ஒரே கொட்டாகக் கொட்டாமல் படிப்படியாக அதிர்வு இயந்திரத்தால் அழுத்தவேண்டும், 50 அடிக்கு 1 அடி சரிவு இருக்கவேண்டும், ஓரங்களில் கெர்ப் கல் நிறுத்தவேண்டும். டஸ்டையே அடித்தளமாக இடுவேன் என்பவர் எத்தனை மலிவாகச் சொன்னாலும் அவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.