தட்டையாகாத வளையம்

அமராவதி நகரிலிருந்து உடுமலை, பல்லடம் வழியாக வடக்கே போனால் பனியன் சீமையான திருப்பூர். அங்கே சிங்கிள் ஜெர்சித் துணி கைக்கு வந்தால் முதல் வேலை, அகலவாக்கில் ஓர் இழுப்பு. தாராளமாகக் கொடுக்கும். நீளவாக்கில் அவ்வளவு கொடுக்காது. எந்தப் பக்கமானாலும், நூலின் வளைவுகள் நிமிர்ந்தபின் சட்டென்று விறைத்துக்கொள்ளும். மனித இதயத்தின் மைட்ரல் வால்வைக் கணினியில் கட்டுகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டியதும் இந்தக் குணத்தைத்தான்.

அதன் இதழ் சுமார் ஒரு மில்லிமீட்டர் கனம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. உள்ளே கொலாஜன் இழைகள் நெளிநெளியாகக் கிடக்கின்றன. பெரும்பாலும் இதழ்களைத் தாங்கும் வளையத்தின் சுற்றுவாக்கில். அந்த வாக்கில் இதழ் விறைப்பு, குறுக்கே நெகிழ்வு. மூடத் தொடங்கும்போது மெத்தென்று இடம் கொடுக்கிறது. சுமார் 120 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் ஏறும் நேரத்தில் நெளிவுகள் நிமிர்ந்து, அசையாமல் நிற்கிறது. மென்மை, உறுதி இரண்டையும் ஒரே இழை உரிய நேரத்தில் தருகிறது.

வெட்டுமுன் ரோலைப் பிரித்துத் துணியை இளகவிடுவது திருப்பூர் வழக்கம். இழுவையோடு வெட்டினால் அளவு சுருங்கிவிடும். உடம்புக்குள் இருக்கும் இதழும் இழுபட்ட நிலையிலேயே இருக்கிறது, வெட்டியெடுத்தால் சுருங்குகிறது. ஆய்வகத் தட்டில் அளந்த விறைப்பை அப்படியே கணக்கில் போட்டால் விடை பிசகும். நல்ல மாதிரி அந்தப் பழைய இழுவையையும் சேர்த்துக்கொள்கிறது.

அடுத்தது நாண்கள். உணவுக்குழாய் வழியே எடுக்கும் முப்பரிமாண எக்கோவில் இதழ்கள் தெரியும். அவற்றைக் கீழிருந்து பிடிக்கும் நாண்கள் முழுசாகத் தெரியா. விளிம்பைப் பிடிப்பவை மெலிந்தவை, ஆனால் குறைவாகவே நீள்பவை. உள்ளே பிடிப்பவை தடித்தவை, சற்று நீண்டு கொடுப்பவை. இதழின் வயிறு கொஞ்சம் உப்பலாம், விளிம்பு மட்டும் நழுவக் கூடாது. படத்தில் தெரியாத நாண்களுக்கு ஆஸ்டினில் மைக்கேல் சாக்ஸ் குழு கண்ட வழி ரசனையானது. அவற்றை ஊகத்தில் வரையவில்லை. மூடிய இதழின் வடிவம் படத்தோடு பொருந்தும்வரை, அதே வேலையைச் செய்யும் நாண்களைக் கணக்கில் கட்டினார்கள். விளைவிலிருந்து காரணத்தைப் படித்தார்கள்.

எல்லாவற்றிலும் நயமானது இதழ்கள் பொருந்தியிருக்கும் வளையம். அது தட்டை என்றே வெகுகாலம் கருதப்பட்டது. அதனால் இருபரிமாண எக்கோவின் ஒரு கோணத்தில் நல்ல வால்வும் பின்னுக்குப் பிதுங்குவதாகத் தெரிந்தது. ஆரோக்கியமானவர்களுக்கும் நோய்ப்பெயர் கிடைத்தது. 1980களின் இறுதியில் பாஸ்டனின் ராபர்ட் லெவின் குழு, அந்த வளையம் குதிரைச் சேணம்போல் வளைந்தது என்று காட்டியது.

ஏன் அந்த வளைவு? கவிதையில் ஒரு சொல் ஏன் அங்கே இருக்கிறது என்றறிய, அதை மாற்றிப் படித்துப் பார்ப்போம். துடிக்கும் இதயத்தில் அதற்கு வழியில்லை, கணினியில் உண்டு. 2002இல் இவான் சால்கோவும் சகாக்களும் அதைத்தான் செய்தார்கள். தட்டை வளையம் முதல் ஆழ்ந்த சேணம் வரை வடிவத்தை மாற்றி மாற்றி இதழின் மேல் விழும் இழுவிசையைக் கணக்கிட்டார்கள். தட்டையில் இழுவிசை கூடியது; சேணத்தில் குறைந்தது. வளையம் வளைந்தால் இதழும் கூடுதலாக வளைகிறது. வளைந்த பரப்பு அதே அழுத்தத்தைக் குறைந்த இழுவிசையோடு தாங்குகிறது. மனிதரிலும் செம்மறியாட்டிலும் அதே வளைவு இருப்பதன் பொருள் அப்போது விளங்கியது.

பழுதான வால்வில் வைத்துத் தைக்கும் செயற்கை வளையங்கள் முன்பு தட்டையாகவே இருந்தன. இன்று சேண வடிவிலும் கிடைக்கின்றன. ஒரு வளைவின் அழகை எண்களால் மெய்ப்பித்த அந்தக் கணக்கை, ரசிகர்கள் ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம்.