மங்க்ஸ்வெல் மாளிகையின் எட்டுப் பேர்

சிலர் வெளியேற வழியில்லாத ஓரிடத்தில் அகப்பட்டுக்கொள்ள, கொலையாளி அவர்களுள் ஒருவரே என்று தெரியவரும் கதையமைப்பைத் துப்பறியும் இலக்கியத்தில் 'மூடிய வட்டம்' என்பர். இவ்வகையில் மேடையில் மிக நீண்டகாலம் நிலைத்திருப்பது அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகமாகும். 1952 அக்டோபர் 6 அன்று நாட்டிங்காமில் அரங்கேறி, அதே ஆண்டு நவம்பர் 25 அன்று லண்டனுக்கு வந்த இந்நாடகம், 2012இல் 25,000ஆவது காட்சியைக் கண்டது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்றபோதிலும், 2021 மே மாதம் மீண்டும் தொடங்கியது. இந்த நீடிப்புக்குப் புதிரின் சாமர்த்தியமே காரணம் என்பது பொதுவான கருத்து. ஆயினும் புதிரைத் தாங்கி நிற்பது நடிப்பின் கட்டுப்பாடே என்பது காட்சிகளைக் கூர்ந்து நோக்கினால் விளங்கும்.

மங்க்ஸ்வெல் மாளிகையில் புதிதாக விடுதி நடத்தத் தொடங்கிய இளம் தம்பதியர், விருந்தினர் ஐவர், பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்துசேரும் துப்பறியும் காவலர் ஆகிய எட்டுப் பேரே மேடையில் தோன்றுகின்றனர். கடும்பனி பாதைகளை மூடிவிட, தொலைபேசி இணைப்பும் அறுந்துபோகிறது. தொடக்கத்தில் வானொலிச் செய்தி, தேடப்படும் கொலையாளி கருநிற மேலங்கியும் வெளிர்நிறக் கழுத்துத்துணியும் மென்தொப்பியும் அணிந்திருந்ததாக அறிவிக்கிறது. அடுத்தடுத்து உள்ளே வருவோர் ஏறக்குறைய அதே உடைகளைக் கழற்றி வைக்கும்போது, உரையாடல் ஏதுமின்றியே ஐயம் அவர்கள் எல்லோர்மீதும் பரவிவிடுகிறது. இக்கதை 'த்ரீ பிளைண்ட் மைஸ்' என்னும் பெயரில், அரசியார் மேரியின் 80ஆம் பிறந்தநாளையொட்டி 1947இல் பிபிசி ஒலிபரப்பிய குறுநாடகமாகப் பிறந்தது என்பதை நினைவிற்கொண்டால், செய்தியறிக்கைக்கும் பியானோவில் எழும் குழந்தைப்பாடல் மெட்டுக்கும் இதில் கிடைத்துள்ள முதன்மை வியப்பளிக்காது.

நடிகருக்கான சோதனை இங்குதான் தொடங்குகிறது. கொலையாளியாக நடிப்பவர் சிறிதளவு மிகைப்படுத்தினாலும் புதிர் உடைந்துவிடும். குற்றமற்றவராக நடிப்பவரோ தம் குற்றமின்மையை முழுதும் வெளிக்காட்டினால், ஐயத்துக்குரியோர் பட்டியலில் ஒருவர் வீணே குறைந்துவிடுவார். எனவே எட்டுப் பேரும், இருவிதமாகவும் பொருள்கொள்ளத்தக்க ஒரே நடத்தையை இறுதிவரை காக்க வேண்டியுள்ளது. அழையாமல் வந்துசேரும் பாராவிசினி என்னும் பாத்திரம் இதற்கு விதிவிலக்கு. மிகைநடிப்பே அவருக்குரிய முகமூடி என்பதால், அவ்வேடம் ஏற்போர் எல்லை மீறுவதும் உண்டு.

இரண்டாம் அங்கத்தில் காவலர், விடுதிக்குள் கொலை நிகழ்ந்த வேளையில் ஒவ்வொருவரும் செய்ததைத் திரும்பச் செய்துகாட்டப் பணிக்கிறார். ஆனால் ஒருவரின் அசைவை மற்றொருவர் செய்ய வேண்டும் என்பது அவர் விதிக்கும் நிபந்தனை. அதாவது, நடிகர் தம் பாத்திரத்தின் உடல்மொழியைக் கைவிடாமலேயே, அப்பாத்திரம் இன்னொருவரைப் போல இயங்குவதைக் காட்டியாக வேண்டும். நாடகத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே.

லண்டனின் முதல் தயாரிப்பில் ரிச்சர்ட் ஆட்டன்பரோ காவலராகவும், அவருடைய மனைவி ஷீலா சிம் விடுதித் தலைவியாகவும் நடித்தனர். பிற்காலத்தில் நடிகர் குழுவை அவ்வப்போது மாற்றும் வழக்கம் ஏற்பட்டு, நட்சத்திரங்களைச் சார்ந்திராத நாடகமாக இது மாறியது; முகம் பழகாத நடிகரிடம் பார்வையாளர் எதையும் முன்கூட்டியே எதிர்பார்ப்பதில்லையாதலால், இம்மாற்றம் ஐயத்துக்கு வலுவே சேர்த்தது. கொலையாளி யாரென வெளியில் சொல்ல வேண்டாம் என்று காட்சி முடிவில் மேடையிலிருந்தே வேண்டிக்கொள்ளும் மரபும் தொடர்கிறது.

குறையும் இல்லாமலில்லை. உண்மை வெளிப்பட்டபின் வரும் விளக்கங்கள் அவசரமாகக் கொட்டப்படுகின்றன. அதுவரை மௌனத்தாலும் பார்வையாலும் கதை நகர்த்திய நடிகர்கள், அங்கே தகவல் ஒப்பிப்பவர்களாகச் சுருங்கிவிடுகின்றனர்.