விக்டோரியா வீடு என்னும் பெயர்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கட்டடங்களை முன்வைத்து

இராஜபாளையத்தில் உள்ள காந்தி கலை மன்றம், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டைப் பொதுப்பயன்பாட்டுக்கு அளித்ததால் உருவான அமைப்பு. அங்கிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீவில்லிபுத்தூரில், திருமலை நாயக்கர் பெயரால் வழங்கும் 17ஆம் நூற்றாண்டு மகால் உள்ளது. பிற்காலத்தில் அது நீண்ட காலம் நீதிமன்றமாகப் பயன்பட்டது. ஒன்று வீடாக இருந்து மன்றமானது, மற்றொன்று அரண்மனையாக இருந்து அலுவலகமானது. இவ்வட்டாரத்தின் பழைய கட்டடங்களைப் பற்றிய எழுத்து இவ்விரு மாற்றங்களையும் போதிய அளவு கவனிக்கவில்லை. தூணும் வளைவும் வண்ணக் கண்ணாடியும் கண்ணில் பட்டவுடன் 'வெள்ளைக்காரன் காலத்து வீடு' என்றோ, சற்று நாகரிகமாக 'விக்டோரியா பாணி' என்றோ பெயரிட்டு நிறுத்திக்கொள்வதே வழக்கமாக உள்ளது.

பெயரின் சிக்கல்

விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை ஆண்டார். இந்தியா நேரடியாக அவரது ஆட்சியின் கீழ் வந்தது 1858இல். அக்காலத்துக் கட்டடங்கள் சென்னையில் ஏராளம். 1897இல் கட்டப்பட்ட அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது இடிபடாமல் நின்றது 2010ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பினால். ஆனால் அந்த அடையாளத்தை அப்படியே இராஜபாளையத்துக்குக் கொண்டுவருவது பொருந்தாது.

காரணம் எளியது. விருதுநகர் – தென்காசி ரயில் பாதை திறக்கப்பட்டது 1927இல். அதுவரை இரும்புத் தூண், பர்மா தேக்கு, மங்களூர் ஓடு எதுவானாலும் கடைசிக் கட்டத்தில் மாட்டு வண்டியில்தான் இவ்வூருக்கு வந்தாக வேண்டும். மங்களூரில் பாசல் மிஷன் முதல் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதே 1865இல்தான். ஆகவே, இப்பகுதியில் விக்டோரியா பாணி என்று சுட்டப்படும் வீடுகளைக் காணும்போது முதலில் எழுப்பவேண்டிய கேள்வி, அந்தப் பொருட்கள் எப்போது, எந்த வழியாக, யார் பணத்தில் வந்தன என்பது. அரசி இறந்து இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தபின் பருத்தி வணிகத்தாலும் நிலவருவாயாலும் கையில் பணம் புரண்ட ஒரு குடும்பம், தான் சென்னையிலோ மதுரையிலோ பார்த்த முகப்பைத் தன் ஊரில் எழுப்பியிருக்க முழு வாய்ப்பு உண்டு. அதை அரசியின் பெயரால் அழைத்தால் கட்டடத்தின் வயது மட்டுமல்ல, கட்டியவரின் வரலாறும் பிழையாகிவிடும்.

திண்ணையும் காம்பவுண்டும்

பாணியைவிட முக்கியமானது, வீடு தெருவோடு கொண்ட உறவு. ஆங்கிலேயர் சென்னையில் கட்டிய தோட்ட வீட்டின் தனித்தன்மை தூண்களில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. சாலையிலிருந்து உள்வாங்கி, சுற்றுச்சுவருக்குள், மரங்களுக்கு நடுவே, வண்டி வந்து நிற்கும் முகப்போடு அது அமையும். தெருவில் நடப்பவருக்கு அந்த வீட்டில் இடமில்லை. தென்மாவட்டத் தெரு வீடு இதற்கு நேர்மாறு. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருக்கும், திண்ணை தெருவைப் பார்த்திருக்கும், வழிப்போக்கன் உட்காரலாம். எந்த வழிப்போக்கன் உட்காரலாம், எவன் நின்றுகொண்டே பேச வேண்டும் என்பதைச் சாதி முடிவு செய்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். திண்ணையைத் திறந்த மனத்தின் அடையாளமாக மட்டும் வருணிக்கும் கட்டுரைகள் பாதி உண்மையைத்தான் சொல்கின்றன.

இராஜபாளையத்தின் குடியிருப்பு அமைப்பு இந்த உறவை இன்னும் இறுக்கமாகக் காட்டுவது. விஜயநகரக் காலப் புலம்பெயர்வோடு தம் வரலாற்றைத் தொடங்கும், வீட்டில் தெலுங்கு பேசும் ராஜுக்கள் சமூகம் இங்கே கோட்டைகளாகப் பிரிந்து வாழ்ந்தது. சிங்கராஜா கோட்டை, சக்கராஜா கோட்டை போன்ற பெயர்களில் வரும் 'கோட்டை' மதிலும் அகழியும் கொண்டதல்ல. அது ஒரு குடியிருப்புத் தொகுதி. அத்தகைய தொகுதிக்குப் பொதுவான கூடம் சாவடி. ஒரு குடும்பத்தின் நல்லது கெட்டது அதன் சுவருக்குள் முடிந்துவிடுவதில்லை, சாவடி வரை நீளும். வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தனித்து நிற்கும் பெரிய வீடு, உள்ளூர்க்காரருக்குச் சாவடியைச் சார்ந்த வீடுகளில் ஒன்று மட்டுமே.

குமாரசாமி ராஜா 1898 ஜூலை 8 அன்று இந்த ஊரில் பிறந்தவர். கணக்குப்படி அது விக்டோரியா காலம்தான். மிக இளம் வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் வளர்ப்பில் வளர்ந்தார். காந்தியின் வழியில் விடுதலைப் போராட்டத்துக்கு வந்து, சிறை சென்று, மாகாணத்தின் தலைமைக்கு உயர்ந்தார். இடஒதுக்கீட்டு ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கும், அதையடுத்து 1951இல் வந்த அரசியல் சட்டத்தின் முதல் திருத்தமும் அவர் ஆட்சிக் காலத்தைச் சேர்ந்தவை. 1952 தேர்தலில் தோற்றார். பின்னர் 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். 1957இல் மறைந்தார்.

அவரைப் பற்றிய குறிப்புகள் வீட்டை அளித்த செயலை ஒரே வரியில், கொடைக்குணத்தின் சான்றாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. அங்கேதான் வரலாறு நழுவுகிறது. குடும்பமும் சாவடியும் யார் எதுவரை வரலாம் என்று தீர்மானித்துவந்த ஓர் ஊரில், ஒரு வீடு காந்தியின் பெயரைத் தாங்கிய மன்றமாகும்போது அதன் வாசற்படியின் பொருளே மாறுகிறது. அழைக்கப்பட்டவர் வரும் இடம், யாரும் வரலாம் என்று அறிவிக்கப்பட்ட இடமாகிறது. அந்த அறிவிப்பு நடைமுறையில் எவ்வளவு தூரம் நிறைவேறியது என்பது தனி ஆய்வுக்குரியது. ஆயினும் கட்டடத்தின் முக்கியத்துவம் அந்தக் கேள்வியில்தான் உள்ளது, அதன் முகப்பில் அல்ல. அதே ஊரில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். ஆலைச் சங்கும் மன்றமும் வந்தபின் ஊரின் மையம் சாவடியில் மட்டும் இருக்க இயலாது. இம்மூன்றையும் சேர்த்து எழுதிய நல்ல நூல் ஒன்று வரவேண்டும்.

மகாலும் நீதிமன்றமும்

ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலைப் பற்றிப் பெரிதும் சொல்லப்படுவது மணி மண்டபக் கதை. ஆண்டாள் கோயிலில் பூசை முடிந்ததை மண்டபம் மண்டபமாக மணியோசை கடத்த, மதுரையில் அதைக் கேட்ட பிறகே நாயக்கர் உண்பார் என்பது கதை. இதே கதை திருச்செந்தூரையும் கட்டபொம்மனையும் இணைத்தும் வழங்குகிறது. கதை அழகானது. ஆனால் மகாலின் பிற்கால வரலாற்றை அது முழுக்க மறைத்துவிடுகிறது.

மதுரை மகாலோடு ஒப்பிட்டால் இது விளங்கும். சிதைந்து கிடந்த மதுரை அரண்மனையைச் சீர்செய்ய 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு முனைந்தார்; கட்டடக் கலைஞர் சிஷோம் அப்பணியில் ஈடுபட்டார். சீரமைத்த அரண்மனையில் நீதிமன்றங்களும் அலுவலகங்களும் இயங்கின. 1970 வரை அந்நிலை நீடித்தது. விக்டோரியா காலம் தென்மாவட்டங்களில் தன் முத்திரையைப் பதித்தது புதிய வீடுகளைக் கட்டியதால் மட்டுமன்று. பழைய அரசர்களின் கூடங்களுக்குள் தன் மேசை நாற்காலிகளைப் போட்டதாலும்தான். நாயக்கர் கொலுவிருந்ததாகச் சொல்லப்படும் வளைவுகளின் கீழே நீதிபதி அமர்ந்தார். அதிகாரம் கைமாறியதைக் குடியானவனுக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நீதிமன்றம் ஓர் இடத்துக்கு வந்தால் சுற்றுப்புறமும் மாறும். வக்கீல் வீடுகள், முத்திரைத்தாள் விற்பவர், மனு எழுதுபவர், வாய்தாவுக்கு வந்தவர் சாப்பிடும் கிளப்புக் கடை எல்லாம் பின்னாலேயே வரும். நெடுங்காலம் இராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டத்துக்குள் இருந்தது. அவ்வட்டம் முதலில் திருநெல்வேலி மாவட்டத்திலும், 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபின் அதிலும், 1985 முதல் இன்று விருதுநகர் எனப்படும் மாவட்டத்திலும் சேர்ந்தது. இன்றும் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான், விருதுநகரில் இல்லை. கோயில் நகரம் என்று மட்டும் இவ்வூரைச் சொல்வோர் கறுப்பு அங்கிக்காரர்களை மறந்துவிடுகிறார்கள். பாகப்பிரிவினை வழக்குகள் எத்தனை பெரிய வீடுகளைக் குறுக்குச் சுவர் எழுப்பிப் பிளந்தன என்பதை வீடுகளைப் பற்றி எழுதுவோர் கோர்ட்டு ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

பாதுகாப்பின் எல்லை

மகால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. தெரு வீடுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. மத்திய அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நூறு ஆண்டு வயதைக் கேட்கிறது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டாலும் ஆணையம் அமையப் பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் கதவும் நிலையும் தூணும் கழற்றப்பட்டுக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குச் சென்ற வீடுகள் தென்மாவட்டங்களில் பல. கழற்றிய தூணை எங்கும் விற்கலாம். அது நின்ற தெருவின் வரிசையை, பொதுச்சுவரை, எதிர்வீட்டுத் திண்ணையை அப்படி எடுத்துச்செல்ல முடியாது. ஆகவே ஆவணப்படுத்தும் மாணவர்கள் முகப்பைப் படமெடுப்பதோடு நில்லாமல் தெரு முழுவதையும் வரைபடமாக்குவது பயன்தரும். எந்த வீட்டுக் கொல்லை எந்தக் கிணற்றுக்குத் திறந்தது, அந்தக் கிணற்றில் யார் நீர் எடுக்கலாம், யார் கூடாது என்பதெல்லாம் அதில் வரவேண்டும்.

குமாரசாமி ராஜாவின் பெயர் சென்னையிலும் ஒரு சாலைக்குச் சூட்டப்பட்டுள்ளது. அமைச்சர்களும் நீதிபதிகளும் குடியிருக்கும் பங்களாக்கள் நிறைந்த, தோட்ட வீட்டு மரபின் எச்சம் இன்னும் தெரியும் சாலை அது. பெயர்ப்பலகையில் அவர் பெயர் இருக்கிறது. பறக்கும் ரயில் நிலையத்தின் பெயர் மட்டும் இன்றும் கிரீன்வேஸ் ரோடு.