கௌரிப் பாட்டியின் சம்பளம்

ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’யை விதவை மறுமணக் கதை என்றுதான் வகுப்பிலும் மேடையிலும் சொல்லிப் பழகியிருக்கிறோம். அப்படிப் படிப்பதில் தவறில்லை. ஆனால் கதை நடக்கவே ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. அதை யாரும் கண்டுகொள்வதில்லை. கீதாவுக்கு நெய்வேலியில் ஆசிரியை வேலை. வயதுப் பெண், அதிலும் விதவை. தனியே அனுப்ப வீட்டாருக்கு மனம் ஒப்பவில்லை. கடலூரிலிருந்து கௌரிப் பாட்டி துணைக்குப் போகிறாள். பாட்டி போனதால்தான் பேத்தியால் வேலைக்குப் போக முடிந்தது. பேத்திக்கு மாதச் சம்பளம். பாட்டிக்கு எப்போதாவது ஊருக்கு வந்துபோகும் பஸ் பயணம்.

ஜெயகாந்தன் 1934-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டவர். ‘ஜனசக்தி’ அச்சகத்தில் எழுத்துக் கோத்து, பத்திரிகை விற்று, பின்னால் பத்திரிகை நடத்தவும் செய்தவர். புதிதாக ஏதாவது முளைத்தால் உடனே மோப்பம் பிடித்துவிடும் பத்திரிகைக்காரக் குணம் அவர் கதைகளில் உண்டு. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக் கழகம் தொடங்கியது 1956-இல். அதற்குச் சில ஆண்டுகளிலேயே அந்தப் புது நகரம் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கடலூரில் இருந்தால் கீதா இன்னார் மகள், தாலியறுத்தவள். நெய்வேலியில் அவள் டீச்சர். யாரும் யாருக்கும் பங்காளி இல்லாத ஊரில், கூட வேலை பார்க்கும் ஒருவரை மணப்பது என்று அவளால் முடிவெடுக்க முடிகிறது. சம்பளமும் புது ஊரும் சேர்ந்து செய்த வேலையை ஒரு சொற்பொழிவும் இல்லாமல் காட்டியது கதையின் பெரிய பலம். (சொற்பொழிவைத் தவிர்ப்பது ஜெயகாந்தனிடம் எப்போதும் நடப்பதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

மறுமண முடிவைச் சொல்லும் கீதாவின் கடிதம் வருகிறது, அப்பா கணேசய்யர் குதிக்கிறார், மகளைத் தலைமுழுகத் தயாராகிறார். முடி மழித்தே வாழ்நாளைக் கழித்த கிழவி பேத்தியின் பக்கம் போய் நிற்கிறாள். தமிழ்ச் சிறுகதையில் இதைவிடத் துணிந்த பாட்டி குறைவு. சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பாட்டி மனம் மாறாமல் இருந்திருந்தால்? கீதாவின் வாழ்வு ஒரு முதியவளின் பெருந்தன்மையில் தொங்குகிறது. ஜெயகாந்தன் அந்தப் பெருந்தன்மையைக் கும்பிடுகிறார். கும்பிட்ட பிறகு கணக்குக் கேட்க மனம் வருமா? கீதாவுக்குக் குழந்தை பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி எழுமுன்பே கதை முடிந்துவிடுகிறது.

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் கங்காவும் சம்பாதிக்கிறாள். அவளோடு வந்திருந்து வீட்டைப் பார்ப்பவள் அம்மா கனகம். கங்காவுக்குக் குழந்தை இல்லை. பேர்பெற்ற இந்தக் கதைகளில் படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்கள் தாயாக இருப்பதில்லை. அலுவலகத்துக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஓடும் பெண்ணை ஜெயகாந்தன் அருகில் போய்ப் பார்க்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. பெண்ணின் மனசுக்குள் அத்தனை தூரம் இறங்கியவர் அவள் சமையல்கட்டில் பத்து நிமிடம் நின்றிருக்கலாம். அதற்கு எழுத்தாளர் அம்பை வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. காலை எட்டரைக்குச் சிதம்பரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களைப் பாருங்கள். 2021 முதல் அவர்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை. தோளில் ஒரு பை, அதில் டிபன் பாக்ஸ், கையில் செல்போன், “எழுந்துட்டானா? சத்துமாவு கரைச்சு வெச்சிருக்கேன், ஆற வெச்சுக் குடு ஆயா” என்று சொல்லிக்கொண்டே ஜவுளிக்கடைப் பக்கம் நடக்கிறார்கள். கடையில் உட்கார நாற்காலி தரவேண்டும் என்பதற்கே அதே 2021-இல் தமிழ்நாடு தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2017-இல் திருத்திய பேறுகாலச் சட்டம் 26 வார விடுப்பு என்றது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்றது. நம் வீதிகளில் எத்தனை கடையில் 50 பேர் இருக்கிறார்கள்? அரசு ஊழியருக்கு ஓராண்டு விடுப்பு உண்டு. மற்றவர்களுக்கு ஆறு மாதம், அதுவும் கிடைத்தால். அங்கன்வாடியில் இரண்டு வயதானால்தான் முன்பருவக் கல்வி. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்தை நிரப்புவது ஆயாதான், அதாவது வீட்டிலிருக்கும் பாட்டிதான்.

ஆயா வளர்ப்பில் நன்மை இல்லையா? நிறையவே உண்டு. பிள்ளை சொந்த வீட்டில் தூங்குகிறது, குழைந்த சோறு தின்கிறது, கதை கேட்கிறது. தாய் கவலையில்லாமல் கல்லாவில் நிற்கிறாள். காசு கொடுத்து வைக்கும் எந்த ஆளிடமும் இத்தனை கிடைக்காது. ஆனால் கௌரிப் பாட்டிக்குச் சாப்பாட்டுக்கு மகன் வீடு இருந்தது. புவனகிரிப் பக்கத்து ஆயா நடவுக்கும் களையெடுப்புக்கும் நூறு நாள் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தவள். பரங்கிப்பேட்டைப் பாட்டி கூடையில் மீன் விற்றவள். பேரன் பிறந்ததும் அந்தக் கூலி நின்றுபோகிறது. மகளுக்கு வேலை கிடைத்தது என்று ஊர் பேசும். அம்மாவுக்கு வேலை போனதை யாரும் பேசமாட்டார்கள். அதோடு, பிள்ளையைப் பார்த்துக்கொள்பவளுக்கு வீட்டில் ஒரு அதிகாரமும் வந்துவிடுகிறது. அவள் மாமியாராக இருந்து முகம் சுளித்தால், வேலையை விடச் சொல்லி முதலாளி வாய் திறக்க வேண்டியதே இல்லை.

ஜெயகாந்தனிடமே இதற்கு வேறொரு பதில் இருந்தது. ‘உன்னைப்போல் ஒருவன்’ நாவலை அவரே இயக்கிப் படமாக்கி, 1965-இல் வெளியிட்டார். அதில் தங்கம் சித்தாள். கணவன் இல்லை, சேரிக் குடிசை, சிட்டி என்றொரு மகன். கிளி ஜோசியக்காரன் ஒருவன் அவள் வாழ்க்கையில் வருகிறான். மகனுக்கு அது பிடிக்கவில்லை. தங்கம் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுப் போட்டு இறந்துபோகிறாள். அதுவரை வெறுத்து நின்ற சிட்டி அந்தச் சிசுவை ஏற்றுக்கொள்கிறான். தாயைச் சாகடித்துத்தான் இதைச் சொல்ல வேண்டுமா என்று கோபம் வருகிறது எனக்கு. என்றாலும் பிள்ளை வளர்ப்பை ஓர் ஆண் கையில் கொடுத்த துணிச்சல் இங்கேதான் இருக்கிறது. அந்த ஆணும் மீசை முளைக்காத பையன் என்பது வேறு விஷயம்; வளர்ந்தவன் கிளிக்கூண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

‘யுகசந்தி’யைக் கொண்டாடுகிற அளவுக்கு நாம் சிட்டியைக் கொண்டாடுவதில்லை. பாட்டி துணைக்குப் போனால் கணேசய்யர் நாற்காலியை விட்டு எழவேண்டிய அவசியமில்லை. கத்தலாம், தலைமுழுகலாம், மறுநாள் காபி வந்துவிடும். மகளின் குழந்தைக்கு அவர் ஒரு வேளை பால் ஆற்றிக் கொடுப்பதாக ஜெயகாந்தன் எழுதவில்லை. அவருக்குப் பின்னால் எழுத வந்த ஆண்களிடம் அந்தக் கதையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.