கூலிக் கணக்கும் உயரப் பதிவேடும்

தொழிற்புரட்சி பிரிட்டனின் உழைப்பாளிகளை வாழவைத்ததா, வதைத்ததா? பொருளாதார வரலாற்றில் இந்த வழக்குக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை. வாழ்க்கைத்தரம் தாழ்ந்தது என்றார் எரிக் ஹாப்ஸ்பாம், ஆர். எம். ஹார்ட்வெல் மறுத்தார். 1983இல் பீட்டர் லிண்டர்ட்டும் ஜெஃப்ரி வில்லியம்சனும் 1820க்குப் பிறகு உண்மைக் கூலி, அதாவது விலைவாசியைக் கணக்கில் கொண்ட கூலி, வேகமாக ஏறியதாகக் கணக்கிட்டனர். 1998இல் சார்லஸ் ஃபைன்ஸ்டைன் அதே கணக்கைத் திருத்தி, 1850கள் வரை கிடைத்த உயர்வு சொற்பமே என்றார்.

கூலி கூடினாலும் குடிநீரில் சாக்கடை கலந்தால் என்ன பயன்? எட்வின் சாட்விக்கின் 1842 சுகாதார அறிக்கைப்படி, மான்செஸ்டர் தொழிலாளர் குடும்பங்களில் இறந்தோரின் சராசரி வயது 17. நாட்டுப்புறமான ரட்லண்டில் அது 38. மான்செஸ்டரின் மேட்டுக்குடியினருக்கும் அதே 38தான். ஆனால் இது ஆயுட்காலம் அல்ல. குழந்தைகள் மிகுந்த ஊரில் குழந்தைச் சாவுகளும் மிகும். சராசரி கீழே இறங்கிவிடும். இறப்பு வயதைக் கொண்டு மட்டும் ஊர்களை ஒப்பிட முடியாது.

1970களில் ராபர்ட் ஃபோகல், ரிச்சர்ட் ஸ்டெக்கல் முதலியோர் மனித உயரத்தையே சான்றாக எடுத்தனர். வளரும் வயதில் உண்ட உணவு, பட்ட நோய், செய்த வேலை எல்லாவற்றின் நிகர விளைவு உயரம். ஏழைச் சிறுவர்களைக் கடற்படைக்கு அனுப்பிய லண்டன் மரைன் சொசைட்டியின் பதிவேடுகளை ரோடரிக் ஃப்ளவுடும் கென்னத் வாக்டரும் ஆராய்ந்தனர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே சேர்ந்த 13 வயதுச் சிறுவர்களின் சராசரி உயரம் சுமார் 130 செ.மீ. 1960களின் லண்டன் சிறுவர்கள் அதே வயதில் ஏறக்குறைய 25 செ.மீ. கூடுதல். எந்தக் கூலிப் பட்டியலும் வறுமையை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டியதில்லை.

இந்த முறைக்கும் சிக்கல் உண்டு. உயரப் பதிவுகளில் பல படை ஏடுகளில் உள்ளவை. குறைந்தபட்ச உயரம் இல்லாதவரைப் படை சேர்த்துக்கொள்ளாததால் குள்ளமானவர்கள் ஏட்டில் ஏறவே இல்லை. வெளியே நல்ல வேலை கிடைத்தால் வசதியுள்ளவன் படைக்குப் போக மாட்டான். அப்போது பதிவாகும் உயரம் நாட்டின் உயரம் ஆகாது. 19ஆம் நூற்றாண்டில் உயரம் குறைந்ததாகச் சொல்லப்படுவதே இந்தத் தேர்வுக் கோளாறின் விளைவாக இருக்கலாம் என்று ஹோவர்ட் போடன்ஹார்ன், டிமோத்தி கின்னேன், தாமஸ் ம்ரோஸ் மூவரும் 2017இல் வாதிட்டனர்.

படை ஏடுகளில் பெண்களும் இல்லை. நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகளின் ஏடுகளைப் புரட்டிய ஸ்டீபன் நிக்கலஸும் டெபோரா ஆக்ஸ்லியும், கிராமங்களில் பிறந்த ஆங்கிலேயப் பெண்களின் உயரம் குறைந்ததை 1993இல் எடுத்துக்காட்டினர். குடும்பத்தின் கூலியைக் கொண்டு வீட்டுக்குள் யாருக்கு எவ்வளவு சோறு கிடைத்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிரிட்டனில் பின்னர் சாவு குறைந்ததற்குக் காரணம் என்ன என்பதிலும் சண்டைதான். மருந்தல்ல, மேம்பட்ட உணவே காரணம் என்றார் தாமஸ் மெக்கியோன். சைமன் ஸ்ரெட்டர் 1988இல் நகராட்சிகளின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளை முன்னிறுத்தினார். உணவா, சுகாதாரமா என்று பிரித்து நிறுத்துவது எளிது. நோயுற்ற உடம்பில் உண்ட உணவும் ஒட்டாது என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவுக்கும் இத்துறையில் இடமுண்டு. 18ஆம் நூற்றாண்டில் தென்னிந்திய நெசவாளரின் உண்மை வருவாய் பிரிட்டிஷ் தொழிலாளருடையதற்குச் சளைத்ததல்ல என்று பிரசன்னன் பார்த்தசாரதி வாதிட்டார். ஸ்டீபன் பிராட்பெரியும் பிஷ்ணுப்ரியா குப்தாவும் அதை மறுத்தனர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் உயரங்களும் ஆவணங்களில் உள்ளன. அவற்றை வைத்து ஆய்வுகளும் வந்துள்ளன. அங்கும் முதல் கேள்வி அதே: கப்பலேறியவர் யார், ஊரில் தங்கியவர் யார்?

மக்கள் வாழ்ந்தார்களா, நலிந்தார்களா என்று ஒரு சராசரியை நீட்டுபவரிடம், அளக்கப்பட்டவர் யார், விடுபட்டவர் யார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லாத எண்ணை வரலாறாக ஏற்க வேண்டியதில்லை.